ஐந்துக்கு இரண்டு

பெயர் எழுத வேண்டாம் என்று போட்டிருந்தது படிவத்தில்.
அந்தத் தைரியத்தில் எழுதினேன்:
'மேடம் பாடம் நடத்துவதில்லை.
கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நிற்கிறார்.'
ஐந்துக்கு இரண்டு.

பியூலா மேடம், கௌரவ விரிவுரையாளர்,
மார்த்தாண்டம் பக்கமிருந்து வந்து
பள்ளிப்பட்டில் வாடகைக்கு இருக்கிறார்.
மூன்று மாதச் சம்பளம் பாக்கி என்று பேச்சு.
முதல் நாள் சாக்பீஸைத் தொடவில்லை.
ஓர் ஐந்து ரூபாயைச் சுண்டினார்.
மேலே போனது, நின்றது, கைக்கு வந்தது.
'உச்சியில் நின்றதே,
அப்போது அதன்மேல் என்ன விசை?'

இல்லை என்றால் ஒரு விரல்,
மேல்நோக்கி என்றால் இரண்டு,
கீழ்நோக்கி என்றால் மூன்று.
நெஞ்சோடு ஒட்டிக் காட்டுங்கள், பக்கத்தில் இருப்பவர் பார்க்காமல்.

அறுபத்திரண்டு பேரில் முக்கால்வாசி ஒரு விரல்.
நானும்.
போன செமஸ்டரில் இதே பாடத்தில் எழுபத்தொன்று வாங்கியவள்.
கைடின் பத்து மார்க் கேள்விகள் எட்டும்
கமா உட்பட எனக்கு மனப்பாடம்.

சரி, தப்பு எதுவும் சொல்லவில்லை அவர்.
'வேறு விரல் காட்டியவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள்'
சொல்லிவிட்டுச் சன்னலோரம் போய்விட்டார்.

நகரியிலிருந்து வரும் முனிலதா மூன்று விரல்.
தமிழில் தொடங்குவாள், சூடேறினால் தெலுங்கு.
'பைன கூட லாகுதூனே உண்டுந்தி!'
மேலேயும் இழுத்துக்கொண்டேதான் இருக்குமாம்.
நின்றுவிட்டதே, அப்புறம் என்ன இழுப்பு என்றேன்.
அவளுக்கு அதற்குமேல் சொல்ல வரவில்லை,
எனக்கு விட்டுக்கொடுக்க வரவில்லை.
மணி அடித்தது.
என் நோட்டில் அன்றைய தேதி மட்டும்.

நோட்டு காலியாக இருந்தால் எனக்குப் பயம்.
அம்மாவுக்கு எழுத்துக்கூட்ட வராது, பக்கம் எண்ணுவாள்.
முன்பிருந்த சார் சொல்லச் சொல்ல எழுதுவோம்.
கை வலிக்கும்.
வலித்தால் படித்த மாதிரி இருக்கும்.

படிவத்தை மடித்துப் பெட்டியில் போட்டது வியாழன்.

வெள்ளி இரவு அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொள்ள
இரண்டு தறி என் பொறுப்பு.
பதினொன்றரைக்குக் கரண்ட் போனதும்
பொதட்டூர்ப்பேட்டை மொத்தமும் வாய் மூடிக்கொண்டது.
செல்போன் வெளிச்சத்தில்
காலித் தார்க்குச்சி ஒன்றைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தேன்,
பொழுது போகாமல்.
பத்தாவதோ பதினைந்தாவதோ தடவை,
கை பாதியில் நின்றது.

உச்சியில் ஒரே ஒரு கணம்
எதுவும் அதை இழுக்காமல் விட்டிருந்தால்
அது ஏன் இறங்க வேண்டும்?
நின்றது நின்றபடி
ஓட்டுக்குக் கீழே, ஒட்டடைக்குப் பக்கத்தில்
விடிய விடியத் தொங்கிக்கொண்டிருக்குமே!

கரண்ட் வந்தது. கைப்பிடியைத் தள்ளினேன்.
பெட்டிக்குள் நின்ற நாடாவின்மேல் விழுந்தது அடி.
நின்றிருந்தபோதே விழுந்தது.
நாலு வருடமாக என் காதோரம்
நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல்.
நான் கேட்டது சத்தத்தை மட்டும்.

இழை அறுந்ததைப் பார்க்கவில்லை.
அரை மீட்டர் பழுது, கூலியில் பிடிப்பார்கள்.
முனிலதாவுக்கு அனுப்பிய குரல்பதிவில்
தறி மட்டும்தான் பேசியதாம்.

திங்கட்கிழமை மேடம்
கையில் படிவக் கட்டோடு வந்தார்.
'நான் நடத்துவதில்லை என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள்.'
கோபமில்லை. சிரிக்கவும் இல்லை.
அடுத்த வருட ஒப்பந்தத்துக்கு
இந்தக் காகிதங்களையும் பார்ப்பார்களாம்.
கட்டை மேசையில் வைத்துவிட்டு
அதே ஐந்து ரூபாயைச் சுண்டினார்.

மூன்று விரல்.
பார்க்கக் கூடாது என்றாலும் பார்த்தாள் முனிலதா.
மேடம் எண்ணினார், ஏதோ குறித்துக்கொண்டார்,
எத்தனை பேர் என்று சொல்லவில்லை.

மணி அடித்த பிறகும் மேசையருகில் நின்றேன்.
கட்டில் என்னுடையது எது என்று
எப்படிக் கேட்பது?
அதில் பெயர் இல்லை.